பெரியபாருக்கு மேலே நின்ற கப்பல்

படைமுகாம் (இடம் எழுதக்கூடாதாம்)
9.1.1943

அன்புள்ள நசீறா,

அஸ்ஸலாமு அலைக்கும். இத்துடன் ஏழாம் அத்தியாயம் வருகிறது. முந்திய அத்தியாயங்களைப் போல இதையும் கறுப்பு மையில், நல்ல தாளில் பிரதி எடுத்து வை. என் கையெழுத்தைக் கொழும்பிலே அச்சுக்கோக்கிறவர்கள் பார்த்தால் வேலையை விட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். கோழி கிளறின மாதிரி என்று சொன்னவளே நீதான்.

இந்த அத்தியாயத்தில்தான் அரசியல் சூடு பிடிக்கிறது. பேரரசனின் தலைநகரில் பத்துச் சூரியன்கள். அங்கே பொழுது படுவதே இல்லை. பால்வீதியின் இந்தக் கரை முழுவதும் அவன் ஆட்சி, அந்தக் கரை எதிரியுடையது. நடுவில் கிடந்து நசுங்குகிறவை சின்னஞ்சிறு உலகங்கள். அவற்றுக்குப் பேரரசனின் சபையில் ஆளுக்கொரு கதிரை உண்டு. வாய் திறக்கும் உரிமை மட்டும் இல்லை. விடுதலை கேட்டால் அவன் எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்வான்: "சண்டை முடியட்டும், யோசிப்போம்." நம் நாயகன் அப்படியொரு சிறிய உலகத்தில் பிறந்து, பேரரசனின் பட்டாளத்தில் சேர்ந்த இளம் சிப்பாய். எதிரி கையில் விழுவதற்கு முன் அவன் பிறந்த உலகத்தையே எரித்துவிடு என்று கட்டளை வருகிறது. வான வெள்ளிகளுக்கு நடுவே ஓடும் அவனுடைய கப்பல் அதற்கு நேர்மேலே வந்து நிற்கிறது. எரிப்பானா, மாட்டானா? அதற்கு நீ எட்டாம் அத்தியாயம் வரை காத்திருக்க வேண்டும். அதுவே கடைசி.

உலகம் என்பதற்கு 'பார்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன். நல்ல பழைய தமிழ். அவன் பிறந்த உலகத்துக்குப் பெரியபார் என்று பெயர். நம் மன்னார்க் கடலில் முத்துச் சிப்பி விளையும் பாறைத்திட்டு, அந்தப் பெரியபாரின் பெயர் ஒருதரம் வானத்துக்கும் போய் வரட்டுமே. நாயகனுக்கு என் பெயரையே வைத்திருப்பதைப் பார்த்துச் சிரித்திருப்பாய். வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், அவன் பேச மறுத்துவிட்டான். தாயும் தகப்பனும் இல்லாதவனாக ஆக்கிவிட்டேன். பட்டாளக் கதைக்குள் உம்மா நுழைந்தால் ஒரே அழுகையாகப் போய்விடும்.

உம்மாவைக் கவனித்துக்கொள். நீயும் சுகமாக இரு.

நுஃமான்


மூர்வீதி, மன்னார்
24.1.1943

மச்சானுக்கு,

வ அலைக்கும் ஸலாம். பக்கம் பக்கமாக வானத்துக்கு எழுதியிருக்கிறீர்கள், கடைசியில் எனக்கு ஒரு வரி. அந்த வரியையும் உங்கள் உம்மாவோடு பங்கு போட வேண்டியதாயிற்று. லீவு எப்போது என்று போன கடிதத்தில் கேட்டேன். பத்துச் சூரியன் இருக்கிறது என்று பதில் வருகிறது.

போகட்டும். பிரதி எடுத்துவிட்டேன். எடுக்கும்போது வாய்விட்டுப் படித்தேனா, பக்கத்து வீட்டு பரீனா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுவிட்டாள். இப்போது மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் தெருப்பெண்கள் எல்லோரும் நம் வீட்டு மண்டபத்தில்தான். உங்கள் கதைக்கு இவ்வளவு கூட்டம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. ஆளுக்கொரு சந்தேகம் வேறு. பொழுது படாத ஊரில் அந்தி மஃரிபுக்கு எப்போது பாங்கு சொல்வது, நோன்பை எப்போது திறப்பது என்று கேட்டு என் தலையைத் தின்றார்கள். பேரரசன் காபிர், அவனுக்கு நோன்பு இல்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

இன்னொரு சங்கடம். புருஷன் பெயரை நான் என்றைக்கு வாயால் சொன்னேன்? நீங்களோ வரிக்கு வரி அதைப் போட்டு வைத்திருக்கிறீர்கள். பெயர் வரும் இடமெல்லாம் 'அவர்' என்று படித்தேன். "அவர் நிமிர்ந்து நின்றார், அவர் கண் கலங்கினார்" என்று படிக்கும்போது தாளை உயர்த்தி என் முகத்தை மறைத்துக்கொண்டேன். ஏழாவதைப் படித்து முடித்தபோது எட்டாவது எங்கே என்று எல்லோரும் கேட்டார்கள். பரீனா மட்டும் மூக்கைச் சிந்தினாள்.

மாமியும் குசினியில் சமையலைப் பாதியில் விட்டுவிட்டு வந்து பின்னால் உட்கார்ந்து கேட்கிறா. சுகமாக இருக்கிறா.

எட்டாவதை அனுப்புங்கள். அதற்கு முன் லீவைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள்.

நசீறா


படைமுகாம்
13.2.1943

நசீறா,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. முருங்கன் ஊர் அமிர்தநாயகம் லீவில் வருகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். அவனுக்கு லீவு. எனக்கு இல்லை. ஏன் இல்லை என்று கேள்.

போன கிழமை எங்கள் வெள்ளைக்கார அதிகாரி, துரை, என்னைக் கூப்பிட்டான். மேசையில் மன்னாரிலிருந்து வந்த ஒரு கடுதாசி. அதில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? சிப்பாய் நுஃமான் தன் பெண்சாதிக்கு இரகசியம் எழுதுகிறானாம். தான் இருக்கும் போர்க்கப்பல் பெரியபாருக்கு மேலே வந்து நிற்பதாகவும், பாரை எரிக்கச் சொல்லி ராசாவிடமிருந்து கட்டளை வந்திருப்பதாகவும். அதைக் கேள்விப்பட்டு மன்னாரில் ஒருவரும் அந்தப் பக்கம் கடலுக்குப் போவதில்லையாம்!

நான் கப்பலில்கூட இல்லை, நசீறா. பண்டகசாலையில் சிப்பாய்கள் காலில் போடும் சப்பாத்தை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

கதை ஐயா, கற்பனை ஐயா என்று மன்றாடினேன். அப்படியென்றால் சொல் என்றான். விறைப்பாக நின்றபடி முழு நாவலையும் சொன்னேன். நான் சொல்லச் சொல்லத் துரைக்கு இங்கிலீசில் மொழிபெயர்த்தவர் கொழும்புப் பக்கத்து ஆள். பார் என்றால் உலகம் என்றுதான் அவருக்குத் தெரியும். அந்த ஒரு புண்ணியத்தால் தப்பினேன். ஆனால் பேரரசன் "சண்டை முடியட்டும், யோசிப்போம்" என்று சொல்லும் இடம் வந்ததும் துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டான். "இந்த அரசன் யார்?" என்று கேட்டான். நான் கூரையைப் பார்த்தேன்.

முடிவு என்னவென்றால், என் லீவு நிறுத்தப்பட்டது. இனி என் கடிதங்கள் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துத்தான் விடுவார்கள்.

எல்லாம் உன்னால் வந்தது. நுஃமான் என்று எழுதியிருந்தால் நுஃமான் என்று படிக்கக் கூடாதா? நீ 'அவர்' என்றால் உன் புருஷன் என்றுதானே ஊர் நினைக்கும்? ஆனானப்பட்ட பேரரசையே எழுதிவிட்டேன், ஒரு பெயரைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. நாவல் முடியும் நேரத்தில் வந்து கழுத்தை அறுத்துவிட்டாய்.

எட்டாம் அத்தியாயத்தை 'பார்' என்ற சொல்லே வராமல் எழுதித் தபாலில் அனுப்புகிறேன். தயவுசெய்து யாருக்கும் படித்துக் காட்டாதே.

நுஃமான்


மூர்வீதி, மன்னார்
7.3.1943

மச்சானுக்கு,

கழுத்தை அறுத்தவள் எழுதுகிறேன்.

மன்னாரில் பிறந்து வளர்ந்த நீங்கள் 'பார்' என்று எழுதிவிட்டு அது வானத்தில் இருக்கிறது என்றால் எவன் நம்புவான்? இங்கே பால்குடி மாறாத பிள்ளைக்கும் பெரியபார் எங்கே என்று தெரியும். இந்த அழகில் ஒருத்தி, யாரோ பாரை மீனைச் சுட்டுத் தின்னப் போவதாக விளங்கிக்கொண்டு வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். கதை என்று முதல் நாளே சொன்னேன். முதல் நாளே வந்து கேட்டது யார்? எல்லோரும் உலையை இறக்கிவிட்டுப் பாதியில் வருகிறவர்கள்.

அந்தக் கடுதாசியை எழுதிய ஊர்த் தலைமைக்காரர் விதானையார் இங்கேயும் வந்தார். வாசலில் நின்றபடி, "உங்கட மனுசன் எந்தக் கப்பலில நிக்கிறார்?" என்று கேட்டார். கதவுக்குப் பின்னால் நின்று, அது கதை என்றேன். "கதையெண்டா ஏன் சரிபுதீன் தோணிய இழுத்துக் கரையில போட்டவன்?" என்று திருப்பிக் கேட்டார். சரிபுதீன் யார், பரீனாவின் புருஷன். அவனிடம் கேட்டால், "எரியப்போற பாருக்கு நான் என்னெண்டு போறது? எனக்கென்ன விசரா?" என்கிறான். அவனைப் பார்த்து மற்றவர்களும் தோணிகளைக் கரையேற்றிவிட்டார்கள். தெரு முழுக்க மீன் சட்டி கவிழ்ந்து கிடந்தது. பங்கீட்டுக் கூப்பன் அரிசியும் தேங்காய்ச் சம்பலும்தான்.

இந்த நிலையில்தான் உங்கள் எட்டாம் அத்தியாயம் வந்தது. அதைக் கடிதம் என்று எப்படிச் சொல்வது? வெட்டி வெட்டி, தூக்கிப் பிடித்தால் முற்றம் தெரிகிறது. மிஞ்சியது முதல் வரியும் கடைசிச் சொல்லும்தான். "நுஃமான் நிமிர்ந்து நின்றான்" என்று தொடங்கி "முற்றும்" என்று முடிகிறது. நடுவில் நடந்தது அந்தக் கத்தரிக்கோல்காரனுக்குத்தான் வெளிச்சம்.

பெண்கள் விடவில்லை. எரித்தாரா இல்லையா, அதைச் சொல்லு என்று வந்து குந்திவிட்டார்கள். பரீனா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஓட்டைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நானே படித்தேன்: "அவர் நிமிர்ந்து நின்றார். எரிக்கமாட்டேன் என்றார். கப்பலைத் திருப்பினார். மற்றச் சிப்பாய்களும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். பெரியபாருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் வீட்டுக்குத் திரும்பி வந்தார். முற்றும்."

அடுத்த நாள் விடிய சரிபுதீன் தோணியை இறக்கிவிட்டான். அவனுக்குப் பின்னால் எல்லோரும். நேற்று நம் வீட்டுக்கே ஒரு பெரிய பாரை மீன் வந்தது.

இப்போது சொல்லுங்கள், நான் செய்தது பிழையா?

நசீறா


படைமுகாம்
21.3.1943

நசீறா,

பிழைதான்! பெரிய பிழை!

இதைப் பிரித்து வாசிக்கும் ஐயாவுக்கு முதலில் ஸலாம். இது புருஷன் பெண்சாதிச் சண்டை ஐயா, இதில் கப்பலும் இல்லை, பீரங்கியும் இல்லை. கத்தரிக்கோலைக் கொஞ்சம் கீழே வையுங்கள்.

வீட்டுக்குத் திரும்பி வந்தானா? எப்படி வருவான்? பேரரசனின் கட்டளையை மீறிய சிப்பாய், ஏதோ சந்தைக்குப் போனவன் போலக் கப்பலைத் திருப்பிக்கொண்டு வந்து காலைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருவானா? மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்களாம். இங்கே ஒருவனுக்கு லீவு கிடைத்தால் மற்றவன் முகம் சுருங்குகிறது. உனக்குப் பட்டாளமும் தெரியவில்லை, அரசியலும் தெரியவில்லை.

நான் எழுதியதை மறுபடி எழுதினால் இதுவும் வெட்டுப்படும். ஒரே வரியில் சொல்கிறேன். அவன் எரிக்க மறுத்தான், திரும்பி வரவில்லை. அவ்வளவுதான். அதற்காகத்தான் முழு நாவலையும் எழுதினேன். வாசித்தவன் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும். பல்லி விழுந்த பாலைப் போல ஆக்கிவிட்டாய் என் முடிவை.

நாள் முழுக்கச் சப்பாத்து, இரவானால் நுளம்புக்கடி. எனக்கு என்று இருந்தது இந்த ஒரு கதைதான். அதை வேலிக்கு மேலால் எடுத்துப் பரீனாவுக்குக் கொடுத்துவிட்டாய். எனக்கு அழுகை வருகிறது, நசீறா. பகிடி விடவில்லை, உண்மை.

தெருவில் எல்லோரையும் கூப்பிட்டு, அந்த முடிவு என்னுடையது அல்ல என்று சொல்லிவிடு.

நுஃமான்


மூர்வீதி, மன்னார்
4.4.1943

மச்சானுக்கு,

சொல்லலாம் என்றுதான் நானும் நினைத்தேன். உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு, எழுதின மனுசனுக்கு நோகும்தானே என்று பட்டது. பெண்களைக் கூப்பிட்டு உண்மையான முடிவைச் சொல்லிவிடுவோம் என்று முக்காட்டை இழுத்துக்கொண்டு எழும்பினேன். அப்போதுதான் மாமியைக் காணவில்லை என்று தெரிந்தது.

மாமி ஸ்டேஷனில் நின்றா.

அன்றைக்கு மட்டும் இல்லை. நான் அந்த முடிவைப் படித்த நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் கொழும்பு றயில் வரும் நேரத்துக்குப் போய் நிற்கிறாவாம். ஸ்டேஷன் மாஸ்டர் சீவரத்தினம் ஐயா சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்குச் சொன்னது தங்கச்சி வீட்டுக்குப் போறேன் என்று. றயில் போன பிறகும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறாவாம். வெயிலில் கால் கொப்பளித்துக் கிடக்கிறது.

கூட்டிக்கொண்டு வரும்போது கேட்டேன். "நீதானே புள்ள படிச்சனீ, அவர் வீட்டுக்கு வந்தார் எண்டு? வந்தவன் வழியில எங்கயோ நிக்கிறான்" என்றா. தினமும் கூப்பன் அரிசியில் தன் பங்கைக் குறைத்து உங்களுக்கு ஒரு தட்டில் மூடி வைக்கிறா. பொழுது படும்வரை பார்த்துவிட்டு எனக்குத் தருகிறா. வயிறு சரியில்லை என்று தனக்கு வேண்டாம் என்பா. வயிறுதான் காரணம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மாமி கேட்டது கதை இல்லை. முதல் அத்தியாயத்திலிருந்து மாமிக்கு அது உங்கள் கடிதம். அவர், அவர் என்று நான் படித்தது எல்லாம் நீங்கள்.

இப்போது உங்கள் முடிவைப் படிக்கச் சொல்கிறீர்கள். அவர் திரும்பி வரவில்லை என்று நான் எந்த வாயால் படிப்பது? சொல்லுங்கள், மாமிக்கு முன்னால் நின்று அதை எப்படிப் படிக்க? உங்களுக்குப் புத்தகத்தை மூடிவிட்டுச் சும்மா இருக்கிற வாசகன் வேண்டும். எனக்கு உங்கள் உம்மாவை ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர ஒரு வழி வேண்டும்.

வர முடிந்தால் வாருங்கள். முடியாவிட்டால் நீங்களே ஒரு வழி சொல்லுங்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நசீறா


படைமுகாம்
19.4.1943

என் நசீறா,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு நேரே துரையிடம் போனேன். மேலாளிடம் சொல்லி, அனுமதி வாங்கிப் போகிற முறையெல்லாம் பார்க்கவில்லை. உம்மா ஸ்டேஷனில் நிற்கிறா, ஒரு தரம் போய் முகத்தைக் காட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன். அவன் கெட்டவன் இல்லை. கேட்டுக்கொண்டு இருந்தான். பிறகு என்ன சொன்னான் தெரியுமா? "சண்டை முடியட்டும், யோசிப்போம்."

அதே சொற்கள். நான் எழுதிய அதே சொற்கள், நசீறா. என்னைக் குத்திக் காட்டினானோ, தற்செயலாக வந்ததோ தெரியவில்லை. எழுதியபோது எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. காதால் கேட்டபோது சலாம் அடிக்கவும் மறந்து வெளியே வந்துவிட்டேன்.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டேன். நாயகனின் பெயரை மாற்றிவிடு. இனி அவன் மஹ்மூது. நீ தாராளமாக வாயால் சொல்லக்கூடிய பெயர். முதல் அத்தியாயத்திலிருந்து முழுவதையும் உம்மாவை முன்னால் உட்காரவைத்துப் படி. ஒரு இடத்திலும் 'அவர்' வேண்டாம். மஹ்மூது வந்தான், மஹ்மூது போனான் என்று உரக்கப் படி. தாய் தகப்பன் இல்லாதவன் என்ற இடத்தை இரண்டு தரம் படி. இது வேறு யாரோ, என் மகன் இல்லை என்று உம்மாவுக்குத் தன்னால் விளங்கிவிடும். ஸ்டேஷனுக்குப் போவதும் நின்றுவிடும்.

முடிவு உன்னுடையதே இருக்கட்டும். அவன் வீட்டுக்கு வரட்டும். கொழும்பில் அச்சுப் போடுகிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

நான் சப்பாத்து எண்ணும் இடத்தில் பத்திரமாக இருக்கிறேன் என்று உம்மாவிடம் சொல். அவவின் காலுக்கு வேப்பெண்ணெய் தடவிவிடு. உன்னைப் பற்றி ஒரு வரிதான் எழுதுகிறேன் என்பாய். எத்தனையோ எழுதினேன், இதைப் பிரித்து வாசிக்கிறவர் கண்ணில் படுமே என்று வெட்கப்பட்டு நானே அடித்துவிட்டேன்.

உன் நுஃமான்


மூர்வீதி, மன்னார்
2.5.1943

மச்சானுக்கு,

நீங்கள் அடித்த வரிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பாதி தெரிகிறது. போதும்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். பெயரை மாற்றி மறுபடி பிரதி எடுத்து, மாமியைக் கட்டிலில் உட்காரவைத்து, நானும் அவவும் மட்டுமாக முதலிலிருந்து படித்தேன். மஹ்மூது, மஹ்மூது என்று தொண்டை கட்டும்வரை படித்தேன். மாமி ஒரு குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. தாய் தகப்பன் இல்லாதவன் என்ற இடத்தை நீங்கள் சொன்னதுபோல இரண்டு தரம் படித்தேன். அந்த இடத்தில் மட்டும் என் முழங்காலில் கையை வைத்தா. சரி, விளங்கிவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் பெரிய சந்தோஷம். "மஹ்மூது வீட்டுக்குத் திரும்பி வந்தான், முற்றும்" என்று முடித்துவிட்டு அவவின் முகத்தைப் பார்த்தேன்.

"அந்தப் புள்ளைக்குத்தான் உம்மா இல்லையே. எந்த வீட்டுக்கு வந்தவன்?" என்று கேட்டா.

தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். நீங்கள் அவனுக்கு வீடு எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

"எங்கட நுஃமானோட ஒரே கப்பலிலதானே நிக்கிறான்? ரெண்டு பேரும் ஒண்டா வரட்டும்" என்றா.

"மாமி, அது கதை. மஹ்மூது எண்டு ஒருத்தரும் இல்ல. உங்கட மகன் இருந்து எழுதினது" என்று நான் கத்தியேவிட்டேன்.

மாமி என்னை ஒரு பார்வை பார்த்தா. "கதையெண்டா என்ன? புள்ளைக்குப் பசிக்காதா?" என்று சொல்லிவிட்டு எழும்பிக் குசினிக்குள் போனா.

இப்போது இரண்டு தட்டு மூடி வைக்கிறா. என் பங்கையும் கொஞ்சம் குறைத்துவிட்டா; நானும் தட்டை நீட்டிவிடுகிறேன். ஸ்டேஷனுக்கு இனித் தனியே விடுவதில்லை, நானும் குடையைப் பிடித்துக்கொண்டு கூடப் போகிறேன். நேற்று றயிலிலிருந்து பட்டாளச் சட்டையோடு ஒரு பொடியன் இறங்கினான். மாமி ஓடிப்போய், "நீதானே மஹ்மூது?" என்று கேட்டா. அவன் மிரண்டுபோய் என்னைப் பார்த்தான். நானும் வெட்கம் கெட்டு நீங்களும் இறங்குவீர்கள் என்பதுபோல அவனுக்குப் பின்னால் றயில் பெட்டிக் கதவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு இனி யாருக்கும் விளக்கம் சொல்லத் தெம்பில்லை. உங்கள் துரையிடம் மறுபடியும் போய்க் கேளுங்கள். இல்லை என்றால் மறுநாளும் கேளுங்கள். வரும்போது மஹ்மூதையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

நசீறா